துண்டில் ஒட்டாத மஞ்சள்

செல்வா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாய் இந்த தியாகராய நகரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் உனக்குக் கேட்கும். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நீ தரையைப் பார்ப்பாய்; இல்லாவிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய். "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். எழுத்திடம் அந்த வேலை நடக்காது. படிக்க வேண்டுமானால் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதனால் நாளைக்கு நீ ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளப் போகிற சட்டையின் பையில் இதை மடித்து வைக்கிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படி. நின்றுகொண்டு படித்தாலும் சரிதான்.

அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். அது முடிந்த கையோடு பம்பாய்க்கு மாற்றல். மருமகளையும் கூட்டிக்கொண்டு போகிறாய், எனக்குச் சந்தோஷம்தான். எனக்காக நீ செய்திருக்கும் ஏற்பாடுகளையும் பார்த்தேன். அப்பாவின் வேட்டிகள் இருந்த அலமாரித் தட்டில் இப்போது வெள்ளை மாத்திரைப் புட்டிகளும் பொடி டப்பாக்களும் அடுக்கி வைத்திருக்கிறாய். பாண்டி பஜார் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டாய். சத்து ஊசி போட கம்பவுண்டர் மாதாமாதம் வீட்டுக்கே வந்துவிடுவார். நாலு பேர் குறை சொல்ல நீ இடமே வைக்கவில்லை, நானும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அப்பா இறந்த வருஷத்திலிருந்து நீ என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மருந்தையெல்லாம் தேடித் தேடி வாங்கி வைத்தவன், அதைச் சாப்பிடுகிறவளின் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியாமலே பம்பாய் ரயில் ஏறப் போகிறாய். போவதற்கு முன்னால் நீ என்னை ஒரு தடவை பார்க்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை. நீ திறக்க மாட்டாய் என்பதால் நானே திறக்கிறேன். அப்பா இருக்கும்போதே எனக்கு அந்த அரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் முதலில். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் உள்ளேயிருந்து ஒன்று ஊர ஆரம்பிக்கும். பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்ப்பேன், சீப்பை எடுத்துச் சொறிவேன், சில நாள் வாசல்படியின் சிமெண்டுத் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நீ பள்ளிக்கூடப் பாடம் படித்துக்கொண்டே, "அம்மா டான்ஸ் ஆடுறாங்க" என்று சிரிப்பாய். அரிப்பென்றால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். நானும் பூசினேன். ஏற்கெனவே முகத்துக்குத் தினமும் தேய்த்துக் குளிக்கிற மஞ்சள். அதோடு இதுவும் சேர்ந்து உடம்பெல்லாம் மஞ்சள். உன் அப்பா ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நிறம் பார்த்துப் புடவை எடுத்துப் போட்டவர். கடையை மூடிவிட்டு வந்ததும் என்னைப் பார்த்து, "உன் தோல்ல மஞ்சள் நல்லாப் பிடிக்கி" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எந்தக் கடையில் மஞ்சள் வாங்குகிறேன் என்று வந்து கேட்பார்கள். காமாலை என் தோலில் ஏறிக்கொண்டிருந்தது, நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து லட்சுமிகரமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

நிலாவில் மனிதன் இறங்கிய அந்த ஆடியில் அப்பா போனார். காலையில் கடை திறக்கப் போனவரை மத்தியானம் டாக்சியில் கொண்டுவந்தார்கள். பதினாறாம் நாள் என் நெற்றியைத் துடைத்து, குளிக்கும் இடத்திலிருந்த மஞ்சள் கிழங்கையும் அத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உன் அத்தை கெட்டவள் இல்லை. தம்பி குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று திருநெல்வேலியிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து இங்கேயே தங்கியவள். ஆனால் ஊர் வாய்க்குப் பயப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு மாசம் போனது, என் மேலிருந்த மஞ்சள் போகவில்லை. ஒரு நாள் ஈரத் தலையோடு நான் வெளியே வந்தபோது வழியை மறித்துக்கொண்டாள்.

"ஏ பிள்ள, அவன் போயி ரெண்டு மாசம்கூட ஆகலை. இன்னும் யாருக்காக மஞ்ச தேய்ச்சுக் குளிக்கே?"

"நான் தேய்க்கலை மதினி."

"எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? கிழங்கை எங்க ஒளிச்சு வச்சிருக்கே, சொல்லு. வாரவ போறவள்லாம் என்னையத்தான் கேக்கா."

அவள் சோப்புப் பெட்டியை மோந்து பார்த்தாள். என் தலையணை உறைக்குள் கையை விட்டுத் தேடினாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் பூசியது தோலுக்குள் இறங்கி ஊறிப்போய்விட்டதோ என்று நினைத்து, பயற்றம்மாவும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தேன். சலவை சோப்பைக்கூடப் போட்டேன். தோல் எரிந்ததே தவிர நிறம் இறங்கவில்லை. அக்கம்பக்கத்தில் என்னோடு பேச்சு நின்றுபோயிற்று. குழாயடியில் நான் குடத்தோடு போனால் அங்கிருக்கும் சிரிப்பும் கதையும் அணைந்துவிடும். புருஷன் செத்தும் அலங்காரம் விடாதவள் என்று என்னைப் பற்றி முடிவு கட்டிவிட்டார்கள். அப்பா போன துக்கத்தைச் சொல்லி அழக்கூட எனக்கு யாரும் மிச்சம் இல்லை. நீ ஒருவன் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் நீ வந்தாய். காலேஜ் விட்டு வந்து புத்தகத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அம்மா, கொஞ்ச நாளைக்கு அதை நிறுத்திக்கக் கூடாதா? எனக்கு வெளியில தலை காட்ட முடியல" என்றாய். எதை என்று நான் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உன் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உன் கண் முன்னாலேயே சோப்பு போட்டு, நார் போட்டு, முகத்தையும் கழுத்தையும் கையையும் தேய்த்தேன். கொடியில் கிடந்த உன் வெள்ளைத் துண்டை எடுத்து அழுத்தித் துடைத்து உன் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாருடா. ஒட்டியிருக்கா, பாரு" என்று கத்தினேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது. நீ துண்டைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். "அம்மா, உன் கண்ணுக்குள்ளயும்..." என்று சொல்லி நிறுத்திவிட்டாய். கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசுவதில்லை. அது நம் வீட்டில் உனக்குத்தான் முதலில் தெரிந்தது. நீ என் முகத்தைக் கடைசியாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அத்தை, "நான்தான் அப்பவே சொன்னேம்லா, ஏதோ மஞ்சளா இருக்குன்னு" என்று சொல்லிக்கொண்டே கஞ்சி வைக்கப் போய்விட்டாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், விலாவில் ஊசி குத்தி ஈரலில் துளி எடுத்தார்கள். பிறகு, இன்றைக்கும் நான் போய்க் காட்டுகிற மயிலாப்பூர் டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஈரலுக்குள் பித்தம் ஓடுகிற சின்னச் சின்னக் குழாய்கள் புண்ணாகிச் சுருங்கிக்கொண்டே வருகின்றன. போக வழி இல்லாத பித்தம் ரத்தத்தில் ஏறுகிறது. அதுதான் நிறம், அதுதான் அரிப்பு. சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னால் ஏறுவது மாதிரி என்றார். "குணமாயிடும்னு நான் சொல்ல மாட்டேன்மா. கட்டுக்குள்ள வச்சுக்கலாம். மாத்திரையை வாழ்க்கை பூரா சாப்பிடணும், நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார். எத்தனை வருஷமாக இருக்கும் என்று நான் கேட்டேன். அரிப்பு ஆரம்பித்த காலத்துக்கும் முன்னாலிருந்தே இருக்கலாம் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ அதைக் கேட்டாயா என்று தெரியவில்லை. அவர் மேஜையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது உன் மருந்து வேட்டை. வெள்ளை மாத்திரை கடையில் கிடைத்தது. அரிப்புக்கான பொடி இங்கே கிடைக்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் உன் நண்பனின் அண்ணனைப் பிடித்து வெளிநாட்டிலிருந்து டப்பா டப்பாவாக வரவழைத்தாய். ஆற்று மணலை மாவாக அரைத்தது போன்ற பொடி. மோரில் கலக்கிக் குடித்தால் பல்லெல்லாம் நறநறக்கும். ஆனால் அதைக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் நான் சாயங்காலங்களில் ஓர் இடத்தில் உட்கார முடிந்தது. அதையும் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, பொடி மாத்திரையை வயிற்றில் பிடித்து வைத்துக்கொள்ளும், நடுவில் நல்ல இடைவெளி வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒரே அலமாரியில் இருந்துகொண்டு ஒன்றோடொன்று சேராமல் இருக்கிற அந்த இரண்டையும் பார்த்தால் எனக்கு நம் நினைவுதான் வரும்.

வெள்ளை மாத்திரை தன் வேலையையும் செய்தது, வேண்டாத வேலையையும் செய்தது. பசி பிடுங்கும். கன்னம் ஊதி முகம் பௌர்ணமி போல ஆகிவிட்டது. சைதாப்பேட்டையில் உன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் எனக்குப் பின்னால் ஒருத்தி, "புருசன் போனபெறவு என்னமா தேறிட்டா பாரு" என்று சொன்னாள். இன்னொருத்தி சிரித்தாள். முதலில் மஞ்சள், இப்போது கன்னம். புருஷனைப் பறிகொடுத்தவள் ஒடுங்கிப்போய் இருந்தால்தான் நம்மவர்களுக்குச் சமாதானம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்து ஒரு சீமந்தம் வந்தது. அதற்குள் முகத்தை வற்ற வைத்துவிட வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். சீமந்தப் பெண்ணுக்கு வளையல் வாங்க உன்னோடு போனபோது பாண்டி பஜாரில் கடை வாசலில் தலை சுற்றி விழுந்தேன். நீ ஓடி வந்து என்னைத் தூக்கி டாக்சியில் போட்டாய். ஆஸ்பத்திரி வரைக்கும் என் தலை உன் மடியில்தான் இருந்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோதெல்லாம் நீ வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிழைத்தது டாக்டர் புண்ணியம். அவர் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் நீ தினமும் மாத்திரையைக் கேட்க ஆரம்பித்தாய். மாத்திரையைப் பற்றி மட்டும்தான் கேட்க ஆரம்பித்தாய்.

உனக்கு வேலை கிடைத்த பிறகு மாதாமாதம் டாக்டரிடம் நான் தனியாகப் போகிறேன் அல்லவா? திரும்ப ஏன் நேரமாகிறது என்று அத்தை கேட்பாள், பஸ் கிடைக்கவில்லை என்பேன். பஸ்ஸெல்லாம் நன்றாகத்தான் கிடைக்கிறது. மயிலாப்பூரிலிருந்து மெல்ல நடந்து கடற்கரையோரத்து நொச்சிக்குப்பம் வரைக்கும் போவேன். அங்கே ரோட்டோரத்தில் மீன் விற்கிற ஓர் அம்மா இருக்கிறாள். முதல் தடவை எடுத்ததும் அவள் மீனைப் பற்றிப் பேசவில்லை. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இன்னா யம்மா, கண்ணு இன்னாத்துக்கு இப்டி மஞ்சளா கீது? காமாலையா? எங்க குப்பத்துல ஒரு கெயவி பச்சல அரைச்சுக் குடுக்கும். மூணே நாளு, பூடும்."

"இது போகாத காமாலைம்மா."

"போவாததா! அப்ப கூட வச்சுகினு குடித்தனம் பண்ணு, வேற இன்னா பண்றது. சங்கரா எடுத்துக்கிறியா?"

அவளுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் "தேவல கீது" என்பாள். அந்த மாதம்தான் ரத்தப் பரிசோதனை மோசமாக வந்திருக்கும். ஆனால் அவள் என் முகத்தைப் பிடித்துப் பார்க்கிறாள் செல்வா. மீன் நாற்றம் அடிக்கிற அந்தக் கைக்காக நான் வெயிலில் நடந்து போகிறேன். வீட்டுக்கு வந்தால் நீ ஆபீசிலிருந்து வந்து, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிப் படிப்பாய். சீட்டைப் படிக்கிற நேரத்தில் பாதி நேரம் என்னைப் படித்திருந்தால் நான் கடற்கரைப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். எனக்குத் தனியாக இருப்பதாகத் தோன்றுவது பம்பாய்க்கு நீ போவதால் இல்லை. நீ இங்கே இருக்கும்போதே நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குப் புத்தி சொல்வது தாயின் உரிமை என்பார்கள். என்னிடம் பெரிய புத்தி எதுவும் இல்லை. அந்தப் பெண் அடையாறில் வளர்ந்த பெண், படித்தவள், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாள். நீ அவளுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிப் போடுவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ வாங்கிப் போடுகிற ஜாதி. ஆனால் காலையில் காப்பி டம்ளரை வாங்கும்போது டம்ளரைப் பார்க்காதே, அவள் கண்ணைப் பார். சண்டை போட்ட மறுநாள் கட்டாயம் பார். தப்பாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் அதற்காகப் பத்து வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நல்லது செய்யாதே. உடனே நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன் அப்பா என்னைத் தினமும் பார்த்தார். நிறத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரியமாகப் பார்த்தும் தப்பிப்போகிற விஷயம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

இப்போது கல்யாண மண்டபத்து விஷயத்துக்கு வருகிறேன். மேடைக்குப் பின்னால் எனக்கென்று ஓர் அறை பிடித்து, கட்டிலும் டேபிள் ஃபேனும் போடச் சொல்லியிருக்கிறாய். "உனக்கு வசதியா இருக்கும்மா" என்று என்னிடம் சொன்னாய். அதையும் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துத்தான் சொன்னாய். அத்தை அன்று மத்தியானமே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏ பிள்ள, இந்த ஒரு வாரம் மட்டும் அந்த மாத்திரையைக் கொறைச்சுக்கிட்டா மொகம் கொஞ்சம் வாடும்லா" என்றாள். வாடாது மதினி, நான்தான் போய்விடுவேன் என்றேன். நலங்கு அவளே வைக்கட்டும், ஆரத்தியும் அவளே எடுக்கட்டும், அந்தச் சண்டைக்கெல்லாம் நான் வரவில்லை. ஆனால் அந்தக் கட்டில் அறைக்கு நான் போக மாட்டேன். முன் வரிசையில், உன் நேர் எதிரே உட்காரப் போகிறேன். என் பௌர்ணமி முகத்தோடுதான் உட்காருவேன். பொடி குடிக்கிற நேரம் வந்தால் அங்கேயே மோரை வாங்கிக் கலக்கிக் குடிப்பேன். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

நீ எதற்காகத் தலையைக் குனிந்துகொண்டாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னைச் சந்தேகப்பட்டாய் என்பதற்காக. நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டாய் என்பதற்காக. வலிக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். அன்றைக்கு நீ வந்து அப்படிக் கேட்டிருக்காவிட்டால் நான் அந்தத் துண்டை எடுத்திருக்க மாட்டேன். நீ என் கண்ணைப் பார்த்திருக்க மாட்டாய். நான் தோலைத் தேய்த்துக்கொண்டே, சோப்பை மாற்றிக்கொண்டே, அப்படியே ஒரு நாள் போய்ச் சேர்ந்திருப்பேன். அன்றிலிருந்து நான் வாழ்ந்த வருஷங்கள் எல்லாம் அந்தக் கிணற்றடியில் நீ பார்த்த ஒரு பார்வையில் கிடைத்தவை. இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீ நின்றால்தானே சொல்ல.

போன தடவை டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளை விழி கொஞ்சம் தெளிந்திருக்கிறது என்றார். மீன்காரம்மா இல்லை என்கிறாள். அத்தையிடம் கேட்டால், "எனக்கு என்னத்தத் தெரியும்" என்கிறாள். கண்ணாடியில் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தெரிகிறது. மாலையை மாற்றிவிட்டு நிமிரும்போது எனக்கு நேராக ஒரு பார்வை பார். முதலில் கண்டுபிடித்தவன் நீதான். வெளுத்திருக்கிறதா, இல்லையா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மா